இரண்டு மணி மினுவெட்

லிஃப்ட் உடைந்திருந்தது. நாங்கள் துப்பறியப் போகும் கட்டடங்களில் லிஃப்டுக்கு மட்டும் எப்படியோ முன்கூட்டியே செய்தி போய்விடுகிறது.

"லிஃப்ட் எக கெடிலா, மாத்தயா," என்றார் வாசலில் இருந்த காவல்காரர் சிங்களத்தில். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஸீனத் மிஸ் படியேறத் தொடங்கினார். எங்கள் அலுவலகம் புதுக்கடையில், ஒரு சோற்றுக் கடைக்கு மேலே இருக்கிறது. மிஸ் துப்பறிவார். கொட்டாஞ்சேனை பிறெடியாகிய நான் கூடப் போவேன், கதை கொடுப்பேன், கொடுப்பதைச் சாப்பிடுவேன். மூன்றாவது வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இந்த வழக்கில் அது எவ்வளவு உதவியது என்பதை மிஸ் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாடியில் ரொஷேல் கதவைத் திறந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். அவளுடைய அம்மா றோஸி அன்ரியும் என் அம்மாவும் ஒரே மாதா கோயிலில் பாடுகிறவர்கள். ஆகவே இந்த வழக்கை ஏற்பதா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

"இதுதான்," என்றாள்.

குளிரூட்டிய அறையின் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு நீளமான பெட்டி, மூன்று மெல்லிய கால்களில் நின்றது. பியானோவின் பட்டினி கிடந்த தங்கச்சி என்று சொல்லலாம். பெயர் ஹாப்ஸிகோட். முந்நூறு வருடங்களுக்கு முந்திய ஒன்றைப் பார்த்து, ஒல்லாந்தில் ஒருவர் அச்சொட்டாக இப்போது செய்தது. நான் ஒரு கட்டையை மெதுவாக அழுத்தினேன். 'கிணிங்' என்றது. ஓங்கிக் குத்தினேன். அதே 'கிணிங்'.

"பிறெடி, அது கதவு மணியில்லை," என்றாள் ரொஷேல். "எவ்வளவு பலமா அடிச்சாலும் சத்தம் கூடாது. உள்ளுக்குள்ள ஒரு சின்ன முள்ளு கம்பியைக் கிள்ளுது, அவ்வளவுதான்."

"கோபத்தைக் காட்ட வழியில்லாத வாத்தியம். கலியாணம் கட்டினவைக்கு நல்லது."

மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். இந்தக் கட்டடத்தில் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை சத்தம் கூடாது என்று சட்டம். அந்த நேரத்தில் ரொஷேல் கொழும்புக் கோட்டையில், வேலையில் இருப்பாள். ஆனால் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஹாப்ஸிகோட் கேட்கிறது. கட்டடக் குழு இரண்டு தடவை எச்சரித்துவிட்டது. இன்று ஐந்து மணிக்குக் கூடி, வாத்தியத்தை வெளியேற்றுவதா என்று முடிவெடுக்கப் போகிறது.

"வெளியேத்தினா அம்மா வீட்டுக்குக் கொண்டு போகலாம்தானே?" என்றேன்.

"லொறி ஓடுற றோட்டில, ஏஸி இல்லாத வீட்டிலயா? செஞ்சவர் இதை எனக்கு வித்தவரில்லை, வாசிக்கத் தந்தவர். குளிரான, ஈரமில்லாத அறையில வைக்க ஏலாட்டி திருப்பி எடுத்துப் போடுவார். நான் இதுக்காக எத்தனை வருஷம் அவருக்குப் பின்னால திரிஞ்சனான் தெரியுமா?" அவள் மூடியைத் தடவினாள். "இது போனா எனக்கு வேற ஒண்டும் இல்லை."

மிஸ் வாத்தியத்தின் பக்கம் குனிந்தார். "ஒண்டும் மாறியிருக்கல்லியா? யோசிச்சுச் செல்லுங்க."

ரொஷேல் கட்டைகளின் இடப்பக்க ஓரத்தைக் காட்டினாள். விரலகல மரத்துண்டு ஒன்று அங்கே செருகியிருந்தது.

"நேத்து வந்து பாக்கேக்க இது இங்க இருந்தது. நான் வைக்கிறது வலப்பக்கம். அந்தக் காலத்துச் சுருதி இப்போதையதை விட அரைப்படி கீழே. நான் எப்பவும் அதில்தான் வாசிக்கிறது. இந்தத் துண்டைக் கழட்டி, கட்டை வரிசையை ஒரு கட்டை வலப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் செருகினா, இந்தக் காலத்துச் சுருதி வரும்."

"அப்ப ஒரு பேய் வந்து வாசிக்கிறதெண்டா, இந்தக் காலத்துப் பேய்," என்றேன்.

"இப்பிடித் தள்ளலாமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் மிஸ்.

"எல்லாருக்கும். நத்தார் பார்ட்டிக்கு, கிறிஸ்மஸ் கேக் சாப்பிட, கட்டடத்தில எல்லாரும் இங்க வந்தவை. அப்ப தள்ளிக் காட்டினனான்."

"சாவி?"

"எல்லா வீட்டுச் சாவியும் ஒவ்வொண்டு குழுத் தலைவர் வீட்டில தொங்குது. தண்ணிக் குழாய் உடைஞ்சா திறக்க."

நான் எழுந்தேன். "முடிஞ்சுது மிஸ். சாவி வச்சிருக்கிறவர்தான் கள்ளன். சாப்பிடப் போவம்."

"இரி," என்றார் மிஸ்.

*

முறைப்பாடு செய்தவர் கீழ் வீட்டு ரஜனி அன்ரி, குழுவின் செயலாளர். கதவைத் திறந்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாக் கதையுங்கோ. மகள் படுத்திருக்கிறாள். நேர்ஸ், இரவு டியூட்டி. பகல் நித்திரைதான் அவளுக்கு நித்திரை. அதையும் மேல் வீட்டுக் கிணிங் கிணிங் தின்னுது."

பாவம், நியாயமான முறைப்பாடு. நான் வெறுக்கத் தயாராக வந்திருந்தேன். ஏமாந்து போனேன்.

"என்ன வாசிக்கிற சத்தம் கேக்கும் மாமி?" என்றார் மிஸ்.

ரஜனி அன்ரி தணிந்த குரலில் முனகிக் காட்டினார். எனக்கே தெரிந்த மெட்டு. கொழும்பில் பியானோ சோதனைக்குப் படித்த எந்தப் பிள்ளையும் இதிலிருந்து தப்பியதில்லை. ஒரு மினுவெட், பழைய ஐரோப்பிய நடனம்.

"இதை மட்டுந்தான். வேற ஒண்டும் வராது போல. முதல் பாதி ரெண்டு தரம், ரெண்டாம் பாதி ரெண்டு தரம். பிழை விட்டாலும் நிப்பாட்டுறேல்லை, அப்பிடியே போகும். ரெண்டாந் தரம் வாசிக்கேக்க மட்டும் அந்த மெஷின் கீச்செண்டு கத்தும். எண்ணெய் போடச் சொல்லுங்கோ."

"ரெண்டாந் தரம் மட்டுமா?"

"ஓம். அதுதான் இன்னும் எரிச்சல். முதல் தரம் வடிவா இருக்கும்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இண்டைக்கு என்ன முடிவு வரும்?" என்றேன்.

"குழுவில நாங்கள் மூண்டு பேர். தலைவர் இராஜநாயகம், பொருளாளர் ஸமீம், நான். அந்த ரெண்டு பேரும் கார் நிப்பாட்டுற இடத்துக்குச் சண்டை பிடிச்சு முகம் பாத்துக் கதைக்கிறேல்லை. ஒருவர் ஓம் எண்டா மற்றவர் இல்லை எண்டுவார். இந்தக் கட்டடத்தில இவ்வளவு காலமும் எல்லாத்தையும் தீர்மானிச்சது என்ர கைதான்." அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "நான் என்ன செய்வனெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. எனக்குப் பிள்ளைதான் முக்கியம்."

*

நான்காம் மாடியில் இராஜநாயகம் அங்கிள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், பலகையில் ஆணியடித்து எல்லாச் சாவிகளும் தொங்கின. அங்கிள் துறைமுகத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ரெண்டிலிருந்து நாலு வரைக்கும் நான் நித்திரை, தங்கச்சி. இந்தப் பல்கனியில. கடல் காத்து."

"ரெண்டு மணிக்குப் படுத்தா அடிச்சாலும் எழும்பமாட்டார்," என்றார் அவர் மனைவி றேணுகா அன்ரி. எங்கள் முன்னால், ஓரத்தில் நீலப் பூப்போட்ட இரண்டு கிண்ணத்தில் வட்டிலப்பம் வைத்தார். முட்டையும் கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. மேலே வறுத்த கஜு, அதாவது முந்திரி. ஏலக்காயோடு ஒரு துளி சாதிக்காய். நான் கண்ணை மூடினேன்.

"நீங்கள் செஞ்சதா அன்ரி?"

"கடையில வாங்கினது," என்றார் அன்ரி. கொஞ்சம் அவசரமாகச் சொன்னார்.

கிண்ணத்தோடு பல்கனிக்குப் போனேன். சாய்மனைக் கதிரை ஒன்று கடலைப் பார்த்துக் கிடந்தது. அதில் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தேன். மணி இன்னும் இரண்டு ஆகவில்லை, அதற்குள் மேற்கு வெயில் கதிரையைத் தோசைக் கல்லாக்கி வைத்திருந்தது. வட்டிலப்பம் தப்பியது, என் பின்பக்கம் தப்பவில்லை.

அடுத்த வீடு ஸமீம் அங்கிளுடையது. இரண்டு பல்கனிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். ஆனால் அந்தச் சுவர் மேல் இரண்டு பக்கமும் பூச்சாடி அடுக்கி, எல்லை போட்டிருந்தார்கள்.

ஸமீம் அங்கிள் மெல்லிய மனிதர், வெள்ளைச் சட்டை, பெரிய சட்டைப் பை. இராஜநாயகத்தின் பெயரைக் கேட்டதும் மூக்கைச் சுருக்கினார்.

"அந்த மனிசனப் பத்தி என்னட்ட என்னத்துக்குக் கேக்குற? ஏன்ட கார்ட கண்ணாடிய மடிக்காம அந்தாளுக்கு கார் உள்ளுக்க எடுக்கத் தெரியா."

"ஒண்டுதான் கேக்கோணும் ஸமீம் நானா," என்றார் மிஸ், அண்ணன் முறை வைத்து. "அவர் மத்தியானத்துல வெளியில போறதக் கண்டீங்களா?"

"இல்ல, இல்ல." பதில் உடனே வந்தது. "ஒவ்வொரு நாளும் பல்கனிலதான். சாஞ்ச கதிரயில, வாயத் தொறந்துகொண்டு தூக்கம். நான் இந்தக் கண்ணாலயே காணுற. அசையவும் மாட்டாரு."

ஷபீகா மாமி, ஸமீம் அங்கிளின் மனைவி, உள்ளேயிருந்து தட்டோடு வந்தார். வட்டிலப்பம். ஏலக்காய், ஒரு துளி சாதிக்காய், வறுத்த கஜு. ஓரத்தில் நீலப் பூப்போட்ட அதே கிண்ணம்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு விஷயத்தில் என் அறிவை மதிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

*

படியில் இறங்கும்போது பொறுக்க முடியவில்லை.

"மிஸ், தலைவர் தப்பிட்டார். சாட்சி சொன்னது கூட்டாளி எண்டா நம்பாம விடலாம். சொன்னது பகையாளி."

"அதான் பிறெடி. ஒன்ட வைரி எங்க இருந்தானெண்டு ஆரும் கேட்டா, அவனக் காப்பாத்துறதுக்கு இவ்வளவு பாடுபடுவியா?"

நான் நின்றேன். என் பின்பக்கம் கதிரையை நினைவுபடுத்தியது. "அந்தக் கதிரையில ரெண்டு மணிக்கு ஆரும் படுக்க ஏலாது மிஸ். முட்டை வச்சாப் பொரியும்."

"அப்ப ஸமீம் நானா பொய் செல்லுற. இன்னொண்டு. தனியாப் பழகுற ஆள் பிழை விட்டா என்ன செய்யும்?"

"நிப்பாட்டித் திருப்பி வாசிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்களை அப்பிடித்தான் கொல்லுது."

"இவர் நிப்பாட்டாம போற. ஏன்? கூட இன்னொரு ஆள் வாசிக்கிற. நிண்டா மத்தவர் விழுந்திருவாரு. அந்த ஆள்ட வாத்தியத்துக்குச் சுருதி மாத்த ஏலாது. அதனாலதான் ஹாப்ஸிகோட்ட மாத்தியிருக்கி." மிஸ் சிரித்தார். அது யாருக்கும் நல்லதல்ல. "எண்ணெய் போட வேண்டியது மெஷினுக்கில்ல. ரொஷேல்ட செல்லு, கூட்டத்த அவட வீட்டுலயே வைக்கச் செல்லி."

*

ஐந்து மணிக்கு ரொஷேலின் அறையில் கூட்டம். சோபாவின் வலக்கோடியில் தலைவர், இடக்கோடியில் பொருளாளர், நடுவில் எல்லைக்கல்லாக ரஜனி அன்ரி. றேணுகா அன்ரியும் ஷபீகா மாமியும் கதவருகே, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ரொஷேல் முகத்தில் இரத்தமே இல்லை.

"முடிவெடுக்க முந்தி, வெளியேத்தப் போற சாமான ஒருக்கா கேப்பமே," என்றார் மிஸ்.

ரஜனி அன்ரி மணியைப் பார்த்தார். "அஞ்சு மணிதானே. வாசிக்கட்டும்."

ரொஷேல் உட்கார்ந்தாள். மினுவெட் தொடங்கியது. நான் கிண்டலுக்கு ஒன்று தயாராக வைத்திருந்தேன், மறந்து போனேன். மழைத்துளி தகரத்தில் ஒழுங்காக விழுந்தால் எப்படியோ அப்படி இருந்தது. யாரும் ஆடாத நடனத்துக்கு எல்லாருடைய காலும் மெல்ல அசைந்தது.

முதல் பாதி முடியப் போகிறது. ஸமீம் அங்கிளின் கை, தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. மூச்சை உள்ளே இழுத்தார். இராஜநாயகம் அங்கிள் தலையை ஒரு தரம் ஆட்டினார், கூட வாசிப்பவருக்குச் சைகை காட்டுவது போல.

ரொஷேல், மிஸ் சொல்லிக் கொடுத்தபடி, முதல் பாதியைத் திருப்பி வாசிக்காமல் நேரே இரண்டாம் பாதிக்குப் போனாள்.

சோபாவின் இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு முகங்கள் திரும்பின. ரஜனி அன்ரியின் தலைக்கு மேலால் இராஜநாயகமும் ஸமீமும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கட்டடமே பல வருடமாகக் காணாத காட்சி.

"திருப்பி வாசிக்கோணும்," என்றார் இராஜநாயகம்.

"ஓ, ரெண்டாந் தரம்தானே நான்..." என்ற ஸமீம் அங்கிள் அங்கேயே நின்றார்.

ரொஷேலின் விரல்களும் நின்றன. மிஸ் போய்க் கையை நீட்டினார். ஸமீம் அங்கிள் சட்டைப் பையிலிருந்து ஒரு மவுத் ஓர்கனை எடுத்து அந்தக் கையில் வைத்தார். ஸ்கூல் பையன் மாஸ்டரிடம் கொடுப்பது போலத்தான் கொடுத்தார்.

"இதுதான் உங்கட கீச்சு, ரஜனி மாமி," என்றார் மிஸ். "இதுக்குச் சுருதி மாத்த ஏலா. அதனால இவங்க ரெண்டு பேரும் மரத்துண்ட மாத்திச் செருகின. போகக்குள்ள ஒவ்வொரு நாளும் திருப்பி வச்ச, நேத்து மறந்திட்ட."

முதலில் வாய் திறந்தவர் இராஜநாயகம் அங்கிள்.

"நத்தாருக்குப் பிறகு ஒரு நாள் தண்ணித் தாங்கி நிரம்பி வழிஞ்சது. இந்த வீட்டுக்கயும் தண்ணி வந்திட்டுதோ எண்டு திறந்து பாத்தனான். இது மூடாமக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில சோதனைக்குப் படிச்ச ஒரே மெட்டு கையில இருந்தது. வாசிச்சன். இந்தாள் தண்ணிக்காகச் சண்டை பிடிக்க வந்து கதவடியில நிண்டார்."

"சண்டை பிடிக்கத்தான் வந்த," என்றார் ஸமீம் அங்கிள். "முதல் பாதி முடியட்டுமெண்டு நிண்ட. பொறகு பைக்குள்ள இது இருந்த. அண்டைக்கும் நாங்க ஒண்டும் பேசல்ல. இண்டைக்கு வரைக்கும் பேசல்ல. வாசிக்கக்குள்ள பேசத் தேவல்லதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொஷேலின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அங்கிள், எச்சரிக்கைக் கடதாசியில தலைவர், பொருளாளர் எண்டு உங்கட ரெண்டு பேற்ற கையெழுத்தும் இருந்தது," என்றாள். "நான் இரவிரவா அழுதனான். இதை எடுத்துக்கொண்டு போயிருப்பினம். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்திருப்பீங்களா?"

"வெக்கமா இருந்தது, பிள்ளை," என்றார் இராஜநாயகம் அங்கிள். மீசை அடங்கிப் போயிருந்தது. "பயமாயும் இருந்தது. சொன்னா இதுவும் முடிஞ்சிடும். கார்ச் சண்டை மட்டும்தான் மிஞ்சும்."

ரஜனி அன்ரி பேனாவைத் தட்டினார். "கதை பிறகு. வாத்தியம் இருக்கிறதா, போறதா? தலைவர்?"

"இருக்கட்டும்," என்றார் இராஜநாயகம்.

எல்லாரும் ஸமீம் அங்கிளைப் பார்த்தோம். வழக்கப்படி இப்போது இல்லை வரவேண்டும். வழக்கம் அவர் வாய்வரை வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"ஈக்கட்டும்," என்றார்.

ரஜனி அன்ரியின் பேனா நின்றது. அவருடைய கைக்கு வேலை இல்லை. இந்தக் கட்டடத்தில் அது முதல் தடவை. ரொஷேல் வாத்தியத்தின் மூடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்," என்றேன். மிஸ் திரும்பினார். "வட்டிலப்பம் ஆர் செஞ்சது?"

"பிறெடி."

"இல்லை மிஸ், இதுவும் வழக்குத்தான். ரெண்டு வீட்டிலயும் ஒரே சாதிக்காய், ஒரே நீலப் பூக் கிண்ணம். றேணுகா அன்ரி கடையில வாங்கினதாம். எந்தக் கடை கிண்ணத்தோட குடுக்குது?"

கதவருகே நின்ற இரண்டு பெண்களும் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஷபீகா மாமிதான் முதலில் சிரித்தார்.

"இவர் ரெண்டு மணிக்கு 'காத்து வாங்கப் போற' எண்டு இறங்குவாரு. நான் றேணுகாவக் கூப்பிட்டு, செஞ்ச வட்டிலப்பத்தக் குடுத்து, ஒரு டீ குடிப்பன். இவர் இறங்கத் தொடங்க முந்தியே அந்த டீ தொடங்கியாச்சு, எத்தின வருஷமோ தெரியா."

"அடிச்சாலும் எழும்பமாட்டார் எண்டனீர்," என்றார் இராஜநாயகம் அங்கிள் மனைவியிடம்.

"நான் வீட்டில இருந்தாத்தானே எனக்குத் தெரியும்?" என்றார் றேணுகா அன்ரி.

தலைவரும் பொருளாளரும் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையில் வைத்தார்கள். அந்தக் கட்டடத்தில் பகைமையை உண்மையாகக் காத்தவை இரண்டு கார்களும் சில பூச்சாடிகளும் மட்டுமே.

"ஒண்டு கேக்கட்டா," என்றாள் ரொஷேல், கண்ணைத் துடைத்தபடி. "சாவியால திறக்காம, மணி அடிச்சு வாங்கோ. நான் வேலையால வந்த பிறகு. பிழையளைத் திருத்தித் தாறன்."

"அப்ப நாலு மணி, சனிக்கிழமையில," என்றார் இராஜநாயகம் அங்கிள் உற்சாகமாக.

"நாலுக்கு ஏலா. அஸர் தொழுதிட்டு, டீ குடிச்சிட்டு, நாலரை," என்றார் ஸமீம் அங்கிள்.

"நாலு எண்டா நாலு."

"நாலரைக்கு ஒரு நிமிசமும் முந்தி வரமாட்டன்."

அறை முழுவதும் பழைய காற்று வீசியது. ரஜனி அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தார். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"ஒருவர் நாலு, ஒருவர் நாலரை. அப்ப செயலாளர்தான் தீர்மானிக்கிறது. அஞ்சு மணி."

"அஞ்சா? ஏன் அன்ரி?" என்றேன்.

"அஞ்சுக்குத்தான் மகள் எழும்புவாள்." ரஜனி அன்ரி எழுதி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை. "நித்திரையில பாதி பாதியாக் கேட்டு அவளுக்குப் பைத்தியம் பிடிச்சுப் போச்சு. அந்தப் பாட்டை ஒருக்கா முழிச்சிருந்து முழுசாக் கேக்கவேணுமாம்."